ஊர்க் குளமும் தரவையும் ஊருக்கே நிலைக்க: யாழ்ப்பாணக் கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வேலி அரக்குதல் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் கதியால், அதாவது வேலிக்கு நடும் உயிர்க்கொம்பு, ஒரு சாண் அப்பால் ஊன்றப்படுகிறது. பத்து ஆண்டில் அது இரு கை விரித்த நீளமான ஒரு பாகமாகிறது. இருபது ஆண்டில் அங்கே தழைத்து நிற்கும் பூவரசே எல்லைக்குச் சாட்சியாகிவிடுகிறது. இரண்டு வளவுகளுக்கு நடுவில் இப்படி நடந்தால் மறுநாள் விடியுமுன்னே சத்தம் கேட்கும், விதானையாரும் வருவார், வழக்கும் வரும். ஊர்க் குளத்துப் பக்கமாக வேலி நகர்ந்தாலோ கேட்க ஆளிருப்பதில்லை. பொதுக் காணி பறிபோவதற்குப் பெரிய அபகரிப்பு எதுவும் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஊரவர்கள் சேர்ந்து எல்லையை நடந்து பார்க்கும் வழக்கம் நின்றுபோனாலே போதும்.

இந்த வழிகாட்டி ஊர்க் குளம், அதைச் சூழ்ந்த மேய்ச்சல் வெளியான தரவை, அதற்கு நீர் கொண்டுவரும் வெள்ளவாய்க்கால் ஆகிய மூன்றையும் முன்வைத்து எழுதப்படுகிறது. பங்குக் கிணற்றுக்கும், கடலோடு இணைந்த ஏரியான கடனீரேரிக்கும் இதே முறை சிறிய மாற்றங்களோடு பொருந்தும். அவற்றைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

குளத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நமது நிலத்தின் அமைப்பே விடை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் ஓடி அராலிப் பக்கமாகக் கடலை அடைந்துவிடுகிறது. நாம் குடிப்பதும் இறைப்பதும் வடகீழ்ப் பருவமழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கிய நன்னீரைத்தான். அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நீரியல் கணக்கின்படி கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கப்படும். மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உவர் அதே விகிதத்தில் ஏறத் தொடங்கும். மாரி வெள்ளத்தைக் கடலுக்கு ஓடவிடாமல் நிறுத்தி, மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறக்குகிற வேலையைச் செய்வது ஊர்தோறும் உள்ள குளங்களும் கேணிகளும் தாழ்ந்த தரவைகளுமே. குளத்தை இழக்கும் ஊர், சில கோடைகளுக்குள் தன் கிணற்றுத் தண்ணீரின் சுவை மாறுவதைக் காணும்.

முதலாவது படி: இது யாருடைய பொது என்று அறிதல்

“பொதுக் காணி” என்று நாம் ஒரே சொல்லால் அழைப்பவை சட்டத்தின் கண்ணில் ஒரே வகையானவை அல்ல. எந்த வகை என்று தெரியாமல் மனு எழுதினால் அது கந்தோருக்குக் கந்தோர் அலைந்து கடைசியில் எழுதியவரிடமே திரும்பி வரும்.

முதல் வகை அரச காணி. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணிகளைக் கிராம விரிவாக்கம், கிராமக் காடு, கிராம மேய்ச்சல் நிலம், நீரூற்றுகளின் பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கென வரைபடத்தில் ஒதுக்கி வைக்க இடமளிக்கிறது. உங்கள் ஊர்த் தரவை அவ்வாறு ஒதுக்கப்பட்டிருந்தால் அதற்குப் பொறுப்பான அலுவலர் பிரதேச செயலாளர். வயலுக்குப் பாயும் சிறு குளங்கள், அதாவது 80 ஹெக்டேயருக்கு, ஏறத்தாழ 200 ஏக்கருக்கு, உட்பட்ட பாசனப் பரப்பைக் கொண்டவை, கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பார்வையில் வருகின்றன. இரண்டாவது வகை உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பில் இருப்பவை: ஒழுங்கைகள், பொதுக் கிணறுகள், மயானங்கள், சில குளங்கள். இவற்றுக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது வகை கோயில், மடம், தண்ணீர்ப்பந்தல் போன்ற தருமத்துக்கு எழுதிவைக்கப்பட்டவை. தருமகர்த்தாக்கள் அவற்றின் உரிமையாளர்கள் அல்லர், பொறுப்பாளர்களே. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் அவர்களிடம் கணக்குக் கேட்கும் வழியைத் தருகிறது. நான்காவது வகை பல குடும்பங்கள் உறுதிப்படி, அதாவது காணிப் பத்திரப்படி, பங்காளராக இருக்கும் காணியும் கிணறும்.

ஒரே குளத்தில் இரண்டு மூன்று வகைகள் கலந்திருப்பதும் உண்டு. நீர் நிற்கும் பகுதி அரசுக்கு, கரையில் உள்ள தெரு பிரதேச சபைக்கு, தீர்த்தமாடும் படிக்கட்டு கோயிலுக்கு என்று இருந்தால், மூவரையும் ஒரே மேசையில் இருத்தாமல் எந்த வேலையையும் தொடங்காதீர்கள்.

இரண்டாவது படி: எல்லையை நடத்தல், முதியோரிடம் கேட்டல்

காகிதத்தைத் தேடுமுன் காலால் நடவுங்கள். போரால் 1990 க்குப் பிறகும் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தபோதும் நாம் விட்டுவந்தவற்றில் வீடும் தளபாடமும் மட்டுமன்றி எல்லைகளைப் பற்றிய ஊர் நினைவும் இருந்தது. பல ஆண்டுகள் ஆட்களின்றிக் கிடந்த ஊருக்குத் திரும்பியவர்கள் பற்றையை வெட்டிக் கண்ட இடத்தில் வேலி போட்டார்கள். அதில் கெட்ட எண்ணம் எப்போதும் இருந்ததில்லை. எண்பதைக் கடந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும் இந்தச் சில ஆண்டுகளுக்குள் அவர்களை அழைத்துக்கொண்டு எல்லையைச் சுற்றி வருவது மிக அவசரமான வேலை.

ஆண்களை மட்டும் அழைத்துப் போகாதீர்கள். மாடு கட்டியவர்கள், புல்லுச் செதுக்கியவர்கள், குளத்தில் உடுப்புத் தோய்த்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள் ஆகியோருக்குத் தெரிந்தது, காணிக்காரருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஊரில் நடந்த எல்லை நடையில், பழைய வடக்குக் கரை எங்கே இருந்தது என்று ஆண்கள் அரைமணி நேரம் தர்க்கித்துக்கொண்டிருந்தபோது, சிறுவயதில் ஆடு மேய்த்த ஓர் ஆச்சி, “ஆவுரோஞ்சிக்கல்லைத் தேடுங்கோ பிள்ளையள், அது குளத்து விளிம்பிலையெல்லோ நிண்டது” என்றார். தேடிப் போனபோது அந்தக் கல் ஒரு வளவுக்குள்ளே, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில் நின்றது. மாடுகள் தலைமுறை தலைமுறையாகக் கழுத்தை உரோஞ்சியதில் அதன் ஒரு பக்கம் கண்ணாடி போல வழுவழுப்பாகியிருந்தது. மறுபக்கம் சொரசொரப்பு அப்படியே இருந்தது. வழுவழுப்பான பக்கம் எந்தத் திசையைப் பார்த்திருந்ததோ, அந்தத் திசையில் மாடுகள் நின்றிருக்கின்றன. குளக்கரை அங்கேதான் இருந்தது. அந்த வளவை வாங்கியவருக்கு இது எதுவும் தெரியாது. வெளிநாட்டிலிருந்த ஒருவரிடமிருந்து வேலியோடு வாங்கியிருந்தார்.

ஆவுரோஞ்சிக்கல், கேணிப் படி, சுமைதாங்கி, மாட்டுத் தண்ணீர்த்தொட்டி, பழைய மதகின் கட்டு, வாய்க்காலின் இரு கரையிலும் நிற்கும் பழம்பனை ஆகிய ஒவ்வொன்றையும் படமெடுத்து, தொலைபேசியில் அதன் புவியிடத்தைக் குறித்து, யார் என்ன சொன்னார் என்பதைத் திகதியோடு எழுதி, சொன்னவரின் ஒப்பத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால், அன்று எழுதி ஒப்பம் பெற்ற குறிப்பு, பத்து ஆண்டு கழித்துச் சொல்லப்படும் வாய்ச்சொல்லைவிட வலிமை மிக்கது.

மூன்றாவது படி: காகிதம்

குளத்துக்கு உறுதி கிடைக்காமல் போகலாம். ஆனால் குளத்தைச் சுற்றியுள்ள தனியார் காணிகளுக்கு உறுதி உண்டு, யாழ்ப்பாணத்து உறுதிகள் நான்கெல்லையையும் எழுத்தில் சொல்பவை. “வடக்கு இன்னார் காணி, கிழக்கு ஒழுங்கை, தெற்கு குளம்” என்று ஓர் உறுதி சொல்லுமானால், அந்தக் காணியின் உரிமை குளத்தோடு முடிகிறது என்பதை அதன் சொந்தக்காரரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று பொருள். பரப்பும் குழியும் அதே உறுதியில் இருக்கும். 18 குழி ஒரு பரப்பு. வரகுப் பரப்புக் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர். உறுதியில் 4 பரப்பு என்றிருக்க, அளந்தால் நாலரைப் பரப்பு வருமானால் அந்த மிகுதி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு. குளத்தைச் சுற்றியுள்ள எல்லாக் காணிகளின் எல்லை விபரங்களையும் காணிப் பதிவகத்தின் பதிவுகளிலிருந்து ஒன்றுசேர்த்தால், குளத்தின் உருவம் தானாகவே நடுவில் வெளிப்படும். நான் அறிந்தவரை, இதைவிடச் செலவு குறைந்ததும் உறுதியானதுமான சான்று வேறொன்றில்லை.

இதனோடு நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களையும், கமநல சேவை நிலையத்திலுள்ள குளப் பதிவையும், பிரதேச செயலகத்தின் அரச காணிப் பதிவையும் கேளுங்கள். நேரில் கேட்டுக் கிடைக்காதபோது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தரலாமா இல்லையா என்ற தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கேள்வியைக் குறுக்கமாக வையுங்கள்: இந்தக் கிராம அலுவலர் பிரிவிலுள்ள இன்ன குளத்தின் வரைபட இலக்கம் என்ன, பதிவிலுள்ள பரப்பளவு என்ன, அதில் எவருக்கேனும் அனுமதிப்பத்திரமோ குத்தகையோ வழங்கப்பட்டுள்ளதா, கடைசியாக எப்போது அளக்கப்பட்டது. “எல்லா விபரமும் தருக” என்று எழுதினால் ஒன்றும் வராது.

நான்காவது படி: அளத்தலும் கல் நாட்டுதலும்

சான்றுகள் சேர்ந்தபின், பொறுப்பான அலுவலகத்தின் ஊடாக அளவையாளரை வரவழைத்து அளக்க வேண்டும். அளக்கும் நாளைச் சுற்றுக் காணிக்காரர் அனைவருக்கும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும், எழுத்தில் முன்கூட்டியே அறிவியுங்கள். தாம் இல்லாத நேரத்தில் அளந்தார்கள் என்ற ஒரு சொல் முழு வேலையையும் கெடுத்துவிடும்.

ஒரு மீற்றர் தானே என்று எவரும் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 100 மீற்றர் நீளமான கரையில் வேலி 1 மீற்றர் உள்ளே வந்தால் போவது 100 சதுர மீற்றர், ஏறத்தாழ 7 குழி. அந்த இடத்தில் ஒன்றரை மீற்றர் ஆழம் நீர் நின்றிருக்குமானால், ஒரு நிரப்பில் 150,000 லீற்றர் நீரைக் குளம் இழக்கிறது. நான்கு கரைகளிலும் இப்படி நடந்த குளங்கள் நம்மிடம் உண்டு.

குளக்கரைக்குக் கருங்கல் அடுக்கி, நடைபாதை போட்டு, விளக்கு நட்டு அழகுபடுத்தும் திட்டங்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவற்றால் கரை பாதுகாக்கப்படுவது உண்மை. ஆனால் பழைய எல்லைக்கு உள்ளே சுவர் கட்டினால், அதுவரை சந்தேகத்தில் இருந்த அபகரிப்பை அந்தச் சுவரே நிரந்தரமாக்கிவிடுகிறது. எல்லை அளக்கப்பட்டுக் கல் நாட்டப்படும்வரை எந்த நிதி வந்தாலும் சுவருக்குச் சம்மதிக்காதீர்கள். குளத்தின் அடியைச் சீமெந்தால் மூடுவதற்கு எந்த நிலையிலும் சம்மதிக்க வேண்டாம். நீர் கீழே இறங்காத குளம் ஊர்க் கிணறுகளுக்கு உதவாது.

ஐந்தாவது படி: யார் ஊர்?

இதுதான் கடினமான படி, பலர் இதைத் தாண்டிச் சென்றுவிட விரும்புவதும் இதனால்தான். “ஊர் முழுவதற்கும் பொது” என்று நாம் பெருமையாகச் சொல்லும் குளங்களிலும் கிணறுகளிலும், ஊரின் ஒரு பகுதியினர் தண்ணீர் அள்ள முடியாமல் தூர நின்று யாரேனும் வார்க்கும்வரை காத்திருந்த காலம் இருந்தது. சாதியின் பேரால் அவ்வாறு விலக்குவதைக் குற்றமாக்கிய சமூக இயலாமைகள் தடுப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டில், 21 ஆம் இலக்கமாக வந்தது. சட்டம் வந்ததால் மட்டும் வழக்கம் மாறிவிடவில்லை. மக்கள் போராடித்தான் மாற்றினார்கள். இன்று ஒரு குளத்துக்குக் குழு அமைக்கும்போது, முன்பு விலக்கப்பட்ட குறிச்சியிலிருந்து ஒருவரேனும் பொறுப்புப் பதவியில் இல்லையென்றால், அந்தக் குழு பழைய வேலியைத்தான் வேறொரு பெயரில் போடுகிறது. மரியாதைக்கு அழைத்துக் கதிரை கொடுப்பது போதாது. கணக்குப் புத்தகமோ திறப்போ அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

உரிமையாளர் பட்டியல் ஒன்றை எழுதுங்கள். அதில் வயற்காரர், தோட்டக்காரர், மாடும் ஆடும் வைத்திருப்போர், காணியற்றவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், அண்மையில் மீள்குடியேறியவர்கள் எல்லோரும் இடம்பெற வேண்டும். தோட்டம் உள்ளவருக்குக் கிணறு உண்டு. ஓர் ஆடு மட்டும் உள்ள குடும்பத்துக்குத் தரவையைத் தவிர வேறொன்றில்லை. ஆகவே பொதுவான வளத்தை அதிகம் நம்பியிருப்பவரின் சொல் முதலில் கேட்கப்பட வேண்டும். புலம்பெயர்ந்தவர்கள் நிதியாலும் நினைவாலும் உதவலாம். தண்ணீரைத் திறப்பதா பூட்டுவதா என்ற தீர்மானம் ஊரில் வாழ்பவர்களுடையதாகவே இருக்கட்டும்.

அமைப்புக்குப் புதுப் பெயர் தேட வேண்டியதில்லை. வயற்குளம் என்றால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவான கமக்காரர் அமைப்பு ஏற்கெனவே இருக்கும். மற்றவற்றுக்குக் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சனசமூக நிலையமும் உள்ளன. அவற்றின் கீழ்க் குளத்துக்கென ஓர் உபகுழுவைத் தீர்மானத்தோடு அமைத்தால் முத்திரையும் வங்கிக் கணக்கும் உடனே கிடைத்துவிடும்.

ஆறாவது படி: விதிகளை எழுதுதல்

பொது வளத்தை எவரும் காப்பாற்ற மாட்டார்கள், ஒவ்வொருவரும் தன்னால் இயன்றதை எடுத்து அழித்துவிடுவார்கள் என்று 1968 இல் கரெட் ஹார்டின் எழுதினார். அதற்கு விடையாக எலினோர் ஒஸ்ட்ரோம் உலகின் பல பகுதிகளிலுள்ள மேய்ச்சல் நிலங்களையும் நீர்ப்பாசனங்களையும் மீன்பிடிக் கிராமங்களையும் ஆராய்ந்து, எல்லை தெளிவாகவும், விதியைப் பயன்படுத்துவோரே வகுத்தும், மீறல் சிறு தண்டனையிலிருந்து படிப்படியாகக் கண்டிக்கப்பட்டும் வருகிற இடங்களில் பொது வளம் நீண்ட காலம் நிலைக்கிறது என்று காட்டினார். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண் அவர். கிணற்று ஏற்றமான துலா மிதித்து முறைவைத்து இறைத்த நமது முன்னோருக்கு இது புதிய செய்தியாக இருந்திராது.

தண்ணீருக்கு: குளத்துப் படிக்கட்டிலோ மதகுச் சுவரிலோ இரண்டு கோடுகளைத் தீந்தையால் போடுங்கள். நீர் மேற்கோட்டுக்கு மேலே நிற்கும்வரை தோட்டங்களுக்கு இறைக்கலாம். இரண்டு கோடுகளுக்கும் இடையில் வந்துவிட்டால் முறைப்படி, எழுதிய நாளில் மட்டும். கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிட்டால் எந்த நீரிறைக்கும் மெசினும் குளத்தில் இறங்கக் கூடாது. மிகுதி மாட்டுக்கும் பறவைக்கும் நிலத்துக்கும். கோடுகளை எங்கே போடுவது என்பதை முதல் ஆண்டில் ஊகித்துப் போட்டு, இரண்டு கோடைகளின் அனுபவத்தின் பின் திருத்துங்கள். இந்த எளிய விதியின் சிறப்பு, அதைப் பார்க்க எழுத்தறிவும் தேவையில்லை, குழுத் தலைவரும் தேவையில்லை என்பதே. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் “கோடு தெரியுது” என்று சொல்லிவிடும்.

குளத்து மண்ணுக்கு: முன்பெல்லாம் ஆடி, ஆவணியில் குளம் வற்றியதும் அடியில் படிந்த வண்டலை அள்ளித் தோட்டத்துக்குப் போடுவார்கள். குளமும் ஆழமாகும், தோட்டமும் செழிக்கும். செயற்கை உரம் வந்தபின் அந்த வழக்கம் தளர்ந்தது, குளங்கள் தூர்ந்தன. இதை மீண்டும் தொடங்கும்போது நான்கு எச்சரிக்கைகள் உண்டு. பொறுப்பான திணைக்களத்தின் எழுத்து அனுமதியும், மண்ணை வாகனத்தில் ஏற்றிச் செல்வதற்குரிய அனுமதியும் முதலில் பெறப்பட வேண்டும். இல்லையென்றால் ஊரின் நல்ல எண்ணம் மண் வியாபாரிக்கு மறைப்பாகிவிடும். வண்டல் முடிந்து பழைய அடித்தரை தெரியும் இடத்தில் தோண்டுவதை நிறுத்த வேண்டும். கரையோர ஊர்களில் அதற்குக் கீழே போனால் உவர் கிளம்பும். கரைக்கு அண்மையில் சரிவாக விட்டு, நடுவில் மட்டும் ஆழமாக்க வேண்டும், அல்லாவிட்டால் முதல் மாரியிலேயே கரை உடையும். மண்ணை யார் யாருக்கு எத்தனை பெட்டி என்று முன்பே எழுதி, காணியில்லாதவரின் பங்கை விற்று அந்தப் பணத்தை அவருக்கே கொடுக்க வேண்டும்.

மேய்ச்சலுக்கு: மழையோடு தரவையில் புல் எழும்பும் முதல் சில வாரங்களில் மாடுகளை இறக்காமல் விட்டால், பிந்திய மாதங்களில் மேய்ச்சல் நெடுநாள் நீடிக்கும். தரவையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மாறிமாறி ஓய்வுக்கு விடுவது இன்னும் நல்லது. காலபோக நெல் அறுவடையான பின் வயல்கள் மாட்டுக்குத் திறக்கப்படும் நாளை, சூடு அடித்து முடித்தவர்களும் முடிக்காதவர்களும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். ஊருக்கு வெளியிலிருந்து பட்டி கொண்டுவருபவருக்கு எருவுக்கு ஈடாக எத்தனை நாள் என்று எழுதிவிடுங்கள்.

பனைக்கு: குளக்கரையின் வெளிச்சரிவிலும் வாய்க்கால் ஓரத்திலும் பனம்விதை ஊன்றுவது மண்ணையும் காக்கும், எல்லையையும் காட்டும். வடலி வளர்த்துக் கள்ளுக் குடிப்பதைப் போல இது நீண்ட வேலைதான். ஆனால் கதியாலைப் போல இரவில் நகர்த்த முடியாத எல்லைக்கல் அது. நிற்கும் பனைகளில் ஓலை வெட்டும் முறையை ஏலத்தில் விடாமல், வீடு வேயவும் பாய் பின்னவும் தேவைப்படும் குடும்பங்களுக்கு முறைவைத்துக் கொடுங்கள். பெண்பனையைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும் என்பதையும் விதிப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குப்பை, கழிவுநீர், நச்சுப் போத்தல் எதுவும் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ வரக் கூடாது என்பதற்கு விளக்கம் வேண்டாம். சுண்ணக்கல் நீரை வடிகட்டாது. வெடிப்புகளுக்குள்ளால் அப்படியே கிணற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தோட்ட உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று குடாநாட்டுக் கிணறுகளின் பழைய நோய். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னும் பின்னும், குளத்துக்கு அண்மையிலுள்ள சில கிணறுகளின் நீரைப் பரிசோதிப்பிப்பதைக் குழுவின் கடமையாக எழுதுங்கள்.

ஏழாவது படி: கண்காணித்தலும் கண்டித்தலும்

ஒரு கொப்பியும் ஒரு நூற்கயிறும் போதும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளத்து மட்டத்தையும், தெரிந்தெடுத்த ஐந்து கிணறுகளில் கட்டின் விளிம்பிலிருந்து நீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். உயர்தர வகுப்பு மாணவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்தால் கொப்பி ஒழுங்காக இருக்கும். மூன்று ஆண்டு எழுதியபின், எந்த மாதம் எந்தக் கிணறு உவர்க்கத் தொடங்குகிறது என்பதை ஊரே அறிந்திருக்கும்.

விதியை மீறியவருக்கு முதலில் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், அதுவும் உறவுக்காரர் ஒருவரோடு. இரண்டாம் முறை கூட்டத்தில் சொல்லிப் பதிய வேண்டும். மூன்றாம் முறை சிறு தண்டம். எடுத்த எடுப்பிலேயே பொலிசுக்குப் போனால் ஊர் இரண்டாகப் பிரியும், குளத்தை எவரும் பார்க்க மாட்டார்கள். எங்கள் ஆவுரோஞ்சிக்கல் நின்ற வளவுக்காரரிடம் மூன்று பேர் ஒரு மாலையில் அவருடைய உறுதியின் பிரதியோடு போனார்கள். “தெற்கு குளம்” என்ற வரியை அவரே விரலால் தொட்டு வாசித்தார். அடுத்த வேலியடைப்பில் கதியாலைப் பின்னுக்கு எடுத்தார். அவர் வைத்திருந்த இரண்டு தென்னைகளின் காயை அவரே பறிக்கலாம் என்று ஊர் விட்டுக்கொடுத்தது. எல்லோரும் அப்படி இணங்க மாட்டார்கள் என்பதையும் அறிவேன்.

இணங்காதபோது சட்டம் உண்டு. தனியார் காணியில் 10 ஆண்டு எதிரிடையாக ஆண்டால் ஆட்சியுரிமை கோர 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது; அரச காணியில் அந்தப் பத்தாண்டுக் கணக்குச் செல்லாது. இந்த வேறுபாட்டை அறியாமல் “பத்து வருசம் கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று கைவிடப்பட்ட தரவைகள் பல. அரச காணியில் அனுமதியின்றி இருப்பவரை வெளியேற்ற, 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொறுப்பான அலுவலர் அறிவித்தல் கொடுத்து, பின் நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். வாய்க்காலையோ பொதுவழியையோ மறித்தால், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ்ப் பொதுத் தொல்லை என்று முறையிடலாம். இவ்விடத்தில் சட்டத்தரணி ஒருவரின் துணை அவசியம். அதற்கு முன் மத்தியஸ்த சபை ஒரு நல்ல வாசல்.

பங்குக் கிணறு

“கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்” என்று உறுதியில் எழுதப்பட்ட கிணறுகள் நமது தோட்டங்களின் உயிர். துலாக் காலத்தில் மனித உடலின் களைப்பே எல்லையாக இருந்தது. மெசின் வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. ஒரே கிணற்றில் இரண்டு மெசினை ஒரே நேரத்தில் பூட்டினால் நீர் மட்டம் விரைவாக இறங்க, அடியிலிருந்து உவர் கூம்பாக எழும்பும். ஆகவே நாளுக்கு ஒருவர், ஒரு மெசின், எழுதிய மணித்தியாலம் என்ற முறையை மீண்டும் எழுதுங்கள். தூவல் முறையிலோ சொட்டு முறையிலோ பாய்ச்சும் பங்காளருக்கு, மிச்சம் பிடித்த நேரத்தை அடுத்த முறைக்குச் சேர்த்துக் கொடுப்பது நியாயம்.

பங்கு விற்பனைக்கு வரும்போது, 1707 இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின் பழைய நியாயம் இன்னும் உயிரோடிருக்கிறது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க முன்னீட்டுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட பங்குக் காணியை வெளியாருக்கு விற்குமுன் பங்காளருக்கு வாங்கும் வாய்ப்புக் கொடுக்கப்பட வேண்டும். பாகப்பிரிவினை வழக்கு நடக்குமானால் கிணற்றையும் வாய்க்காலையும் பொதுவாகவே விடும்படி வரைபடத்தில் கேளுங்கள். நடுவில் சுவர் எழுப்பிய கிணற்றை நான் பார்த்திருக்கிறேன், இரு பக்கத்துக்கும் அது பயன்படவில்லை.

கடனீரேரி

கடனீரேரியில் பாடு எனப்படும் மீன்பிடி இடமும் வலையிடும் இடமும் முறைவைத்து, சில ஊர்களில் சீட்டுக் குலுக்கி, பகிரப்படுகின்றன. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் உள்ளூர்க் குழுக்களுக்கு இடமளிப்பதால், வாய்மொழியான இந்த முறைகளைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தீர்மானமாக எழுதிப் பதிவதே முதல் வேலை. கரையில் கட்டடம் எழும்பினால், கடற்கரையிலிருந்து 300 மீற்றர் வரை உள்நிலம் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் வலயத்துக்குள் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பணமும் நாட்காட்டியும்

வெளியிலிருந்து பெருந்தொகை வருமுன் ஊரிலிருந்து சிறுதொகை வரட்டும். வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய் கொடுத்தவர் குளத்தடியில் குப்பை கொட்டுபவரைத் தட்டிக் கேட்பார். வங்கிக் கணக்கு மூவர் ஒப்பத்தோடு இருக்கட்டும். ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். கணக்கைச் சனசமூக நிலையத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

ஆடியில் எல்லை நடை. ஆவணியில் வண்டல் அள்ளுதல். புரட்டாதியில் சிரமதானம் வைத்து வெள்ளவாய்க்காலையும் மதகையும் துப்புரவாக்குதல். ஐப்பசியின் முதல் பெருமழைக்கு முன் இது முடியாவிட்டால், அந்த ஆண்டின் வெள்ளம் குளத்துக்கு வராமல் தெருவால் ஓடிவிடும். கார்த்திகை, மார்கழியில் குளத்தின் மிகைநீர் வழியும் வான் பாய்வதையும் கரையையும் இரவிலும் பார்க்க ஆட்கள். மாசியில், அறுவடை முடிந்த கையோடு, பொதுக்கூட்டம்: நீர்மட்டக் கொப்பியும் கணக்கும் உரத்து வாசிக்கப்பட வேண்டும், விதிகள் திருத்தப்பட வேண்டும், பங்குனி முதல் தொடங்கும் இறைப்பு முறையின் பெயர்ப் பட்டியல் எழுதப்பட வேண்டும். கூட்டம் கலையுமுன், வரும் ஆடியில் எல்லை நடக்கும் நாளைக் குறித்து, அன்று எந்த முதியவரை யார் வீட்டிலிருந்து கூட்டிவருவது என்பதையும் எழுதிவிடுங்கள்.